கலந்தர் பாய் அடைத்த வெண்டிலேட்டர்கள்

தோப்புத்துறையில் கலந்தர் பாயின் வீட்டைக் கட்டியவன் நான். இராஜாங்கம் கொத்தனார் என்றால் வேதாரண்யம் பக்கம் தெரியாதவர்கள் குறைவு. தொண்ணூற்றாறில் அவர் துபாயில் இருந்தபோது கட்டிய மாடி வீடு அது. கடல் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகட்டும் என்று ஒவ்வொரு அறையிலும் கூரையை ஒட்டி இரண்டு வெண்டிலேட்டர் வைத்தேன். அவற்றைப் பாய் அடைத்துவிட்டார் என்று கேள்விப்பட்டதும் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது.

பாய்க்கு அங்கே கட்டடங்களுக்கு நுரை அடிக்கிற வேலை. இரண்டு வகைத் திரவ மருந்தை மெஷின் கலந்து பீய்ச்சும். விழுந்த இடத்தில் பொங்கி, இறுகிவிடும். அதைத் தாண்டி வெயில் உள்ளே இறங்காது. இருபது வருஷம் அதையே செய்தார். இரண்டாயிரத்து ஒன்பதில் அங்கே கட்டட வேலை படுத்துப்போக, ஒரேயடியாக ஊர் திரும்பினார்.

அது கத்திரி வெயில் காலம். அவர் மனைவி ஹபீபுன்னிசா மத்தியானத்தில் தரையில் தண்ணீர் தெளித்துப் படுத்திருந்ததைப் பார்த்து மனுஷனுக்குத் தாங்கவில்லை. நாகப்பட்டினத்தில் மீன் கிடங்குக்கு நுரை அடிக்கிற ஒருவரிடம் மெஷினையும் மருந்தையும் வாங்கி வந்தார். மொட்டைமாடி அவர் மனைவி வடகம் காயவைக்கிற இடம். அதைக் கெடுக்கக் கூடாது என்று கூரைக்கு உள்பக்கம் அடித்தார். காற்று நுழைந்தால் சூடும் நுழையும் என்று வெண்டிலேட்டர்களையும் நுரையால் மூடினார்.

வீடு குளிர்ந்தது. பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே குளிர்ந்தது. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது.

ஆனால் இரண்டே வாரத்தில் ஹபீபுன்னிசாவுக்குத் தலைவலி, தொண்டை அரிப்பு, அப்புறம் மூச்சிழுப்பு. திருவாரூரில் மகள் அஃப்ரீன் வீட்டுக்குப் போனால் சரியாகிவிடும். திரும்பி வந்தால் மறுபடி இழுக்கும். மூன்றாவது தடவை போனவர் இனி வரமாட்டேன் என்று சொல்லியனுப்பினார். இருபது வருஷம் பிரிந்திருந்து இப்போதுதான் ஒன்றாக இருக்க வந்த மனுஷன், தனியாகச் சமைத்துச் சாப்பிட்டார்.

அப்போதுதான் என்னைக் கூப்பிட்டார்.

"கொத்தனாரே, ஒண்ணும் புரியல. இதே மருந்த அங்க எத்தனையோ கட்டடத்துக்கு அடிச்சிருக்கேன். ஒருத்தரும் ஒரு குறை சொன்னதில்ல."

"வெண்டிலேட்டர அடைச்சீங்களே பாய், அதான்."

"குளிருதுல்ல? குளிர்ற வீட்டுல எப்படி மூச்சு முட்டும்?"

மருந்து சரியாகக் கலக்கவில்லையோ என்று அவர் ஏணியில் ஏறி நுரையை முகர்ந்தார். நானும் முகர்ந்தேன். லேசாக மீன் வாடை அடிப்பதுபோல இருந்தது. கடலோர ஊரில் அதை வைத்து என்ன முடிவுக்கு வருவது?

அது வியாழக்கிழமை. மாற்றுத் துணி எடுக்க ஹபீபுன்னிசா மகளோடு வந்திருந்தார். வியாழன் பொழுது சாய்ந்தாலே அவர்களுக்கு வெள்ளி இரவு; அதற்கு வீட்டில் சாம்பிராணி போடுவது அவர் வழக்கம். கை சும்மா இருக்காமல் அன்றும் போட்டார். புகை மேலே எழும்பி நுரையைத் தொட்டு அப்படியே நின்றது. பாய் பள்ளிவாசலுக்குப் போய் அந்தி நேரத்து மஃரிப் தொழுதுவிட்டு வந்தார். புகை நின்ற இடத்திலேயே இருந்தது. நாங்கள் இருவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். ஹபீபுன்னிசா இருமிக்கொண்டே வெளியே போய் வாசல் படியில் உட்கார்ந்தார்.

"அங்க இந்த நுரைக்குக் கீழ நீங்க எத்தன நாளு படுத்திருக்கீங்க?" என்று அங்கிருந்தே கேட்டார்.

பாய் யோசித்தார்.

"ஒரு நாளும் இல்ல. அடிச்சிட்டு எறங்கிருவோம். அதுக்கப்புறம் உள்ள ஏசி போடுவாங்க. காத்து எப்படி வருது, எப்படிப் போகுதுன்னு நான் பார்த்ததில்ல."

"நீங்க எங்க படுத்தீங்க?"

"கேம்ப்புலதான். தகரக் கொட்டகை."

"குளுகுளுன்னு இருக்குன்னு லெட்டர்ல எழுதுவீங்களே."

"அது நாங்க நுரை அடிச்ச வீடுகளப் பத்தி எழுதுனது."

ஹபீபுன்னிசா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். இருமல் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் அழுதுகொண்டிருந்தார். பாய்க்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வாசலுக்கும் கூடத்துக்கும் இரண்டு தடவை நடந்தார்.

நான் சைக்கிளிலிருந்து உளியை எடுத்து வந்து ஒவ்வொரு வெண்டிலேட்டராகக் கொத்தித் திறந்தேன். புகை மெல்ல நகர்ந்து வெளியே போனது. கூடவே வெக்கையும் கொஞ்சம் உள்ளே வந்தது.

"அப்ப குறை மருந்துலயா, மூடுனதுலயா?" என்று பாய் என்னைக் கேட்டார். இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டுமாக இருக்கலாம்.

அஃப்ரீன் துணிப்பையோடு கிளம்பி நின்றாள். ஹபீபுன்னிசா அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"நீ போம்மா. ரெண்டு நாளைக்கு நான் வாசல்ல பாய் போட்டுப் படுத்துக்கறேன். உங்க அத்தா தகரத்துக்குக் கீழ இருபது வருஷம் படுத்திருக்காங்க, எங்கிட்ட சொல்லவே இல்ல."