செண்டுமல்லி தின்ற கோழிகள்

எழுபத்து நான்காம் ஆண்டுப் பஞ்சத்தில், இலங்கையில் நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் மனிதருக்கே மாவு கிடைக்கவில்லை, கோழிக்கு எங்கே சோளம் கிடைக்கும்? எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அடுத்த காம்பராவில் இருந்த இராக்கம்மாள், கொழுந்து பறித்துக்கொண்டே நாலைந்து பெட்டைக்கோழிகளும் வளர்த்தாள். புருஷன் இல்லாதவள். வெளியே விட்டால் திருடு போகுமென்று கூட்டிலேயே அடைத்து, அவித்த மரவள்ளித் தோலைப் போட்டாள். கீரையைக்கூட ஆட்களே பறித்துத் தின்றுவிட்ட காலம் அது. முட்டையின் கரு வெளுத்துப் போயிற்று.

முட்டைக்குப் பதிலாக மாவு கொடுப்பவர் பதுளையில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த அலவி நானா. ஒன்றை உடைத்துப் பார்த்தவர், இந்த நிறத்தில் பொரித்து வைத்தால் ஒருவரும் தொடமாட்டார்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

அதற்குச் சில மாதம் முன்புதான் அவளுடைய மூத்த மகள் மயிலாயி வயிற்றோட்டத்தில் செத்துப்போனாள். பட்டினிதான் கொன்றது, வேறென்ன? புதைத்த மேட்டில் போட்ட செண்டுமல்லி மாலையின் விதை முளைத்து, மேடு முழுக்கப் பூத்திருந்தது. இடுகாட்டிலிருந்து எங்கள் ஆட்கள் எதையும் வீட்டுக்குக் கொண்டுவர மாட்டார்கள். சேலையில் ஒட்டிய முள்ளைக்கூட அங்கேயே பிடுங்கிப் போட்டுவிட்டுத்தான் திரும்புவோம். இராக்கம்மாள் யாருக்கும் தெரியாமல் மடி நிறையப் பூவைக் கொண்டுவந்து கோழிகளுக்குப் போட்டாள்.

மற்ற மேடுகளில் முளைத்தவை கருகிப்போயின. மயிலாயியின் மேட்டில் மட்டும் பறிக்கப் பறிக்கப் பூத்தது. பூவைத் தின்றதும் கோழிகள் சத்தமே போடாமல், இடுகாட்டைப் பார்த்த பக்கமாக ஒட்டி நிற்கும். என் கண்ணாலேயே பார்த்தேன். கொஞ்ச நாளில் கரு மஞ்சளைத் தாண்டிச் சிவந்தது. அலவி நானாவுக்கு வாயெல்லாம் பல். மாவு வந்தது.

ஆனால் இளையவள் பேச்சிக்கு முகமும் காலும் வீங்கின. முட்டை கொடுக்காவிட்டால் பிள்ளை பிழைக்காது என்று தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் சொல்லிவிட்டார். வீட்டில் முட்டையை வைத்துக்கொண்டு பிள்ளையைச் சாகவிடுகிறாளே என்று எனக்கு வயிறு எரிந்தது. சண்டைக்கே போனேன். அப்போதுதான் பூ வந்த இடத்தைச் சொன்னாள்.

"அக்கா மேல பூத்தத தங்கச்சிக்கு எப்புடிக்கா குடுக்கிறது?"

மறுநாள் பொழுது சாயும் நேரம் அவளோடு நானும் போனேன். மேட்டின் அருகில் குந்தி, தங்கச்சிக்குக் கொஞ்சம் கொடுக்கட்டுமா என்று சாதாரணமாகக் கேட்டாள். காற்றே இல்லை. ஒரு செடி மட்டும் ஆடி நின்றது. அவள் அழுதுகொண்டே எழுந்து வந்தாள்.

அன்றே முட்டையை அவித்துப் பிளந்தாள். கரு செக்கச்செவேலென்று இருந்தது. அக்கா கொடுத்துவிட்டது என்று சொல்லித்தான் கொடுத்தாள். பேச்சி பாதியைத் தின்றுவிட்டு மீதியைத் தாயிடம் நீட்டினாள்.

"நீ தின்னுடி. அவளப் பெத்தவ நான், எனக்கு எறங்காது."

பேச்சி அதையும் தின்றாள். விரலை நக்கிக்கொண்டே, நாளைக்கும் அக்கா கொடுக்குமா என்று கேட்டாள்.