முதல் பஸ்ஸுக்கு அரை சதவீதம்

இஸ்திரி அக்கா என்று அவளுக்குப் பெயர் வைத்தது ஆஸ்பத்திரி. பதினாறு வருஷமாக அங்கே துணி அறையில் படுக்கை விரிப்புகளையும் ஆபரேஷன் அங்கிகளையும் தேய்த்துத் தள்ளுகிறவள். காலை ஆறு மணிக்கு வேலையில் நின்றால்தான் ஏழரைக்குள் முதல் துணிக்கட்டு மாடிக்குப் போகும். அவளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஐந்தேகால் பஸ். அதை விட்டால் அந்த நேரத்தில் வேறு நாதியில்லை.

அந்த பஸ்ஸைத்தான் நிறுத்தப் போகிறார்களாம். ஓட்டப் பணமில்லை. கடையில் விற்கிற பொருளுக்கு நூற்றுக்கு அரை ரூபாய் வரி போட்டால் பஸ் ஓடும் என்று ஒரு யோசனை. வட்டாரக் குழு கூடி முடிவு செய்யும். அதற்கு முன் பொதுமக்கள் கருத்தைக் கேட்பார்களாம். பெரிய மனசு.

கேட்பதற்குப் பிடித்த இடத்தைப் பாருங்கள்: புறவழிச் சாலையில் புதிதாகக் கட்டிய மண்டபம். வாசலில் இருநூறு கார் நிற்கலாம். பஸ் ஒன்றுகூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. பஸ்ஸைப் பற்றிப் பேச அங்கே கூட்டம் போடத் தனி மூளை வேண்டும்.

கொழுந்தனுக்கு டயர் கடை, கார் எல்லாம் உண்டு. கூட்டத்துக்கு அவனும் போகிறான் என்று தெரிந்து, கூட வரட்டுமா என்று கேட்டாள். பின்சீட் முழுக்க அட்டை இருக்கிறது அண்ணி, இடமில்லை என்றான். அத்தனை அட்டையிலும் ஒரே வாசகம்: வரி வேண்டாம். இவன் பெண்டாட்டி பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் கிடந்த பதினோரு நாளும் அதே ஐந்தேகால் பஸ்ஸில் சாப்பாடு தூக்கிக்கொண்டு போனவள் இந்த அண்ணிதான். அதெல்லாம் நினைவிருந்தால் கடை எப்படி நடத்துவது?

அன்றைக்கு லீவு போட்டாள். கடைசி நிறுத்தத்தில் இறங்கி ஒன்றேமுக்கால் மணி நேரம் நடந்தாள். நடைபாதை கிடையாது. லாரி வரும்போதெல்லாம் பள்ளத்தில் இறங்கி நின்றாள். பாதி வழியில் செருப்பு வார் அறுந்தது. கையில் பிடித்தபடியே மண்டபத்துக்குள் நுழைந்தாள். உள்ளே ஒருவர் பின் ஒருவராக எழுந்து, பஸ்ஸெல்லாம் காலியாக ஓடுகிறது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எந்த ஜென்மத்தில் ஏறிப் பார்த்தார்களோ.

அவள் முறை வந்தது. சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்து வைத்திருந்தாள். வாயைத் திறப்பதற்குள் குழுத் தலைவர் முந்திக்கொண்டார்.

"எப்படிம்மா வந்தீங்க?"

"நடந்துதாங்க."

அவர் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா? மனசு இருந்தா நடந்தே வந்துடலாம். பஸ் இல்லன்னா யாரும் அப்படியே நின்னுட மாட்டாங்க" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். முதலில் கைதட்டியது கொழுந்தன்.

கைதட்டல் ஓயும்வரை அவள் காத்திருக்கவில்லை.

"இன்னிக்கு லீவு போட்டுட்டு நடந்தேங்க. தினமும் லீவு போட்டுட்டு வேலைக்கு நடக்க முடியுமா?"

பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். அதற்குள் மணியடித்து, நேரம் முடிந்தது என்று உட்காரச் சொல்லிவிட்டார்கள். குழுவின் ஓட்டெடுப்பில் வரி தோற்றது. அடுத்த மாதம் ஐந்தேகால் பஸ் நின்றது. மூன்று வாரம் தாமதமாகப் போய்த் திட்டு வாங்கினாள். நான்காவது வாரம் துணி அறையில் வேறொருத்தி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டத்தின் அறிக்கையைப் பிறகு அச்சடித்து எல்லா பஸ் நிறுத்தங்களிலும் ஒட்டினார்கள். மூன்றாம் பக்கத்தில் அவளும் இருந்தாள்: "பெண்மணி ஒருவர் நடந்தே வந்து, மாற்று வழி சாத்தியம் என்பதை எடுத்துக்காட்டினார்."