நாடாவில் மிஞ்சிய ஏழு நிமிடம்

நான்காவது பாட்டு தொடங்கிக் கால் நிமிடம்கூட ஆகியிருக்காது, எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நிறுத்தினேன். முதலிலிருந்து மறுபடி போட்டேன். அதே கிதார், அதே இழுவை, மூன்றாவது சுற்றில் ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று நிற்கிற அதே அடம். ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எதிரே அம்மா கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "என்னடி, பேயறைஞ்சாப்ல உக்காந்துண்டிருக்கே?" என்றாள்.

பேய் அறைந்திருந்தால் தேவலை. வேப்பிலை அடித்துவிட்டுப் போயிருக்கலாம்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் நடுவில், மயிலாப்பூரில் காலையில் வர்ணம் பாடிவிட்டுக் கல்லூரிக்குப் போகிற பெண் நான். சனிக்கிழமை மத்தியானம் லஸ்ஸில் பஸ் ஏறி அடையாறுக்குச் சண்டை போடப் போவேன். சண்டை ராக் பாண்டுகளைப் பற்றி. கல்லூரித் தோழன் ஒருவனுடைய அடுக்குமாடி வீட்டின் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில் ஆறேழு பேர் கூடுவோம். கேசட் டெக் அவனுடையது என்பதால் நீதிபதி பதவியும் அவனுக்கே. அந்தக் கும்பலில் பெண் நான் ஒருத்திதான்.

கட்சிகள் இரண்டு. இரண்டுமே இங்கிலாந்துப் பாண்டுகள். எங்களில் பாதிப் பேர் அரை டிராயர் போடும் முன்பே கலைந்து போனவை. பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் எனக்கு எதிர்க்கட்சியாகிவிடுவார்கள். எந்த டிரம்மருக்குக் கை சுத்தம், கீபோர்டு நுழைந்தால் அது ராக்கா இல்லையா, யார் யாரிடமிருந்து சுட்டார்கள் என்றெல்லாம் தொண்டை வறளக் கத்துவோம். கடைசிக் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: மூத்தவர் யார், பார்த்து எழுதியவர் யார்?

என் எதிராளி தி. நகர்க்காரன். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், ஜவுளிக்கடை. சனிக்கிழமை கடையில் கூட்டம் நெட்டித்தள்ளும் நேரத்தில் அப்பாவிடம் கெஞ்சி இரண்டு மணி நேரம் வாங்கிக்கொண்டு வருவான். எல்லாரையும் 'மச்சி' என்பவன், என்னை மட்டும் 'நீங்க' என்பான். எனக்கு அது எரிச்சல். நிதானமாகப் பேசுவான். பேசும்போது நடுவில் நிறுத்தி யோசிப்பான். அவன் நிறுத்துகிற இடத்தில் நான் புகுந்துவிடுவேன். என்னைவிட அவனுக்கு நிறையத் தெரியும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் நான் இன்னும் சத்தமாகப் பேசினேன்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. அதற்குச் 'சலவை' என்று பெயர். வாதத்தில் தோற்றவன் தன் பையிலிருக்கும் கேசட்டுகளை விரித்து வைக்க வேண்டும். ஜெயித்தவர் அதில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். எடுத்ததை அப்படியே வைத்துக்கொள்ளவும் கூடாது. அதன் மேலேயே தன் பாண்டின் பாட்டைப் பதிந்து, அடுத்த வாரம் எல்லாருக்கும் போட்டுக் காட்ட வேண்டும். யாரும் அழித்துவிடக் கூடாது என்று கேசட்டின் முதுகில் உடைத்து வைத்த சின்னச் சதுரத்தின் மேல் செலோடேப் ஒட்டினால் போதும், மறுபடி பதியலாம். பெரும்பாலும் தோற்றவனிடம் இரண்டு பிரதி இருக்கிற கேசட்டாகப் பார்த்துத்தான் எடுப்போம். அது எழுதாத மரியாதை.

ஒரு சனிக்கிழமை அவனை நான் ஜெயித்தேன், என் கேசட்டின் கடைசிப் பாட்டால். பாண்டி பஜார் பக்கத்துச் சந்தில் ஒரு ரெக்கார்டிங் கடை உண்டு. வெற்றுக் கேசட் கொடுத்தால் கேட்ட ஆல்பத்தைப் பதிந்து, பாட்டுப் பட்டியலை அட்டையில் மணிமணியாக எழுதித் தருவார்கள். என் பாண்டின் முதல் ஆல்பம் அங்கே பதிந்தது. அதன் இரண்டாம் பக்கக் கடைசியில், அட்டையில் இல்லாத ஒரு பாட்டு. பாட்டென்றால் குரலே கிடையாது, ஏழு நிமிடம் கிதார் மட்டும். அட்டையில் இல்லை என்பதால் அது அபூர்வமான பழைய பதிவு என்று நானே முடிவு செய்துகொண்டேன். அதை மொட்டை மாடியில் போட்டேன்.

"இந்த இழுவை உங்க ஆளோட இழுவைதானே? பின்னாடி வந்த எல்லா ஆல்பத்துலயும் இதைத்தானே வாசிக்கறார்? எங்க முதல் ஆல்பத்துலயே இது இருக்கு. அப்ப யார் யாரைப் பார்த்து எழுதினா?"

தி. நகர்க்காரன் இரண்டு தரம் திருப்பிப் போடச் சொல்லிக் கேட்டான். பிறகு, "அவரு கைதான் அப்படியே. இங்கேருந்துதான் எடுத்திருக்காரு போல. நான் ஒத்துக்கிடுதேன்" என்றான்.

கேசட்டுகளை விரித்தான். பத்துப் பன்னிரண்டு இருக்கும். ஒன்றில் மட்டும் அச்சடித்த அட்டை இல்லை. நீல மையில் தேதி எழுதியிருந்தது. அவன் பாண்டின் பழைய கச்சேரி ஒன்றைச் சிற்றலை ரேடியோவில் ஒலிபரப்பியபோது அவனே வீட்டில் பதிந்தது. அது இன்னொரு பிரதி இல்லாதது என்று எல்லாருக்கும் தெரியும். நீதிபதிகூட, "ஏய், அது வேணாம், வேற எடு" என்றான். கேசட்டுக்காரன் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் எனக்குச் சவால் விடுவதுபோல் பட்டது. வேண்டுமென்றே அதைத்தான் எடுத்தேன். வீட்டுக்கு வந்து செலோடேப் ஒட்டி, இரண்டு பக்கத்தையும் என் பாண்டால் நிரப்பினேன். அழிக்கும் முன் ஒரு தரம்கூடப் போட்டுக் கேட்கவில்லை. எதிர்க்கட்சிக் கச்சேரியை நான் ஏன் கேட்க வேண்டும்?

அதற்குப் பிறகும் அவன் வந்தான். புதிதாக யாராவது வந்து வாதத்தைக் கிளப்பினால், "இல்ல மச்சி, அவங்கட்டேருந்துதான் எங்காளு எடுத்தது. நான் காதால கேட்டேன்" என்று அவனே எனக்காகச் சாட்சி சொல்வான். ஒவ்வொரு தரமும் எனக்கு நெஞ்சில் முள் குத்தும். ஒரு வருஷம் குத்தியது. அப்புறம்தான் அமெரிக்காவிலிருந்த அத்திம்பேருக்குக் கடிதம் எழுதினேன். அவன் பாண்டின் ஆரம்ப காலப் பதிவுகள் ஏதாவது சி.டி.யில் கிடைத்தால் வாங்கிவரச் சொன்னேன். அழித்ததற்கு ஈடாக அதை அவனிடம் கொடுத்துவிடலாம் என்று எண்ணம். அவர் வாங்கிவந்ததைக் கொடுக்கும் முன் ஒரு தரம் கேட்போமே என்று போட்டதில்தான் அந்த நான்காவது பாட்டு.

என் அபூர்வப் பாட்டு அவன் பாண்டுடையது; எந்த ஆல்பத்திலும் சேராததால் அவனே கேட்டிராத பழைய பதிவு. கிதார் அவன் ஆளுடையது. 'அவரு கைதான் அப்படியே' என்று அவன் சொன்னானே, ஏன் அப்படியே இருக்காது? அவரே அல்லவா வாசித்திருக்கிறார்!

கொத்தவரங்காய் வெந்து இறங்கும் வரைகூட என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. நேரே ரெக்கார்டிங் கடைக்குப் போனேன். கடைக்காரர் கேசட்டை வாங்கிக் கடைசிப் பாட்டைக் கொஞ்சம் ஓடவிட்டுச் சிரித்தார்.

"இன்னாம்மா, இதுக்கா வெயில்ல வந்தே? ஆல்பம் சின்னது. நாடா ஏழு நிமிசம் மிச்சம் கீது. காலியா வுட்டா, துட்டு முழுசா வாங்கினியேன்னு கஸ்டமரு கத்துவான். கைல ஆப்ட்டத போட்டு ரொப்பிடுவேன்."

"அட்டையில எழுதலையே?"

"ஓசில போட்டதுக்கு அட்டை வேறயா?"

"எல்லாருக்கும் இப்படித்தான் போடுவீங்களா?"

"அல்லாருக்குந்தான்" என்றார், தான் செய்த தர்மத்தைச் சொல்லிக்கொள்ளக் கூச்சப்படுகிறவரைப் போல.

எங்கள் கும்பலில் அத்தனை பேரும் அந்தக் கடையில்தான் பதிவார்கள். இத்தனை வருஷமாக நாங்கள் போட்ட சண்டைகளில் எத்தனை இந்த மனிதர் கைக்கு அகப்பட்டதை வைத்துப் போட்ட சண்டைகளோ!

மூன்று நாள் அந்த சி.டி. என் துணி அலமாரியில் தாவணிக்கு அடியில் கிடந்தது. நான் ஒன்றும் உத்தமி இல்லை. அங்கேயே கிடந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்பதும், தெரிந்தால் அந்த மாடியில் என் பேச்சுக்கு அதன் பிறகு ஒரு பைசா மதிப்பிருக்காது என்பதும் மனதில் ஓடிக்கொண்டே இருந்தன. ஒரே பெண் என்பதால் அங்கே இடம் பிடிக்க நான் இரண்டு மடங்கு கத்த வேண்டியிருந்தது. ஆனால் என் பொய்க்கு அவன் சாட்சி சொல்வதை இன்னொரு சனிக்கிழமை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

சனிக்கிழமை போனேன். சுற்றி வளைக்காமல், "நான் ஜெயிச்சது தப்பு. அந்தப் பாட்டு இவனோட பாண்டோடது" என்று சொல்லிவிட்டு, சி.டி.யிலிருந்து கேசட்டில் பதிந்து வந்திருந்த நான்காவது பாட்டை டெக்கில் போட்டேன். கடைக்காரர் சொன்னதையும் சொன்னேன்.

மாடி அல்லோலகல்லோலப் பட்டது. ஒருவன் தன் பையைக் கவிழ்த்து ஒவ்வொரு கேசட்டின் வாலையும் ஓடவிட்டுப் பார்க்க ஆரம்பித்தான். நீதிபதி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். "மச்சி, அவ கேசட்டு அத்தனையும் எடுத்துக்க. மொத்தமா சலவைக்குப் போடு!" என்று தி. நகர்க்காரனை உசுப்பினார்கள். நான் பையைத் திறந்து அவன் முன்னால் வைத்தேன். திட்டட்டும் என்று காத்திருந்தேன். திட்டினால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அவன் பையைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஏழு நிமிடமும் கேட்டான்.

"நல்ல பாட்டு" என்றான். பிறகு, "அப்பம் அந்தக் கேசட்டு அழிஞ்சது அழிஞ்சதுதான், இல்லையா?"

"அந்தக் கச்சேரி எங்கயாவது கிடைக்கும். அத்திம்பேர்கிட்ட மறுபடி எழுதறேன்" என்று படபடவென்று சொன்னேன்.

"கச்சேரி கெடைக்கும்ங்க. அதுக்கென்ன. ரேடியோ முன்னால டேப்பை வச்சுல்லா பதிஞ்சேன். சும்மா கரகரன்னுச்சு. எங்கப்பாதான் ஏரியல் கம்பியக் கையில பிடிச்சுக்கிட்டு, முக்கா மணி நேரம் வெயில்ல நின்னாரு. நடுவுல நடுவுல 'ஏலே, பாட்டு கேக்கா?'ன்னு கேப்பாரு. அதுவும் பதிஞ்சிருந்துச்சு." கொஞ்சம் நிறுத்தி யோசித்தான். இந்த முறை நான் நடுவில் புகவில்லை. "வீட்டுல இந்தப் பாட்டுன்னாலே எரிஞ்சு விழுவாரு. அவரா அதைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டது அன்னைக்குத்தான். பொறவு கேட்டதே இல்ல."

செலோடேப்பை ஒட்டி நகத்தால் தேய்த்தது விரலில் அப்படியே தெரிந்தது. எடுக்காதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேறொன்றை எடுத்திருப்பேனே என்று அவன் மேலேயே கோபம் வந்தது.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே! வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துது?" என்றேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தால் சண்டைதான் வந்தது.

"எப்படிங்க சொல்றது? நீங்கதான ஜெயிச்சீங்க" என்றான் அவன். "ஜெயிச்சவங்க கேட்டா குடுக்கணும்லா?"