சுத்தியல் வேலைக்கான அனுமதி

எங்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடியின் உள்ளக விதிகளில் ஒன்று இப்படிச் சொல்கிறது: காலை எட்டு மணியிலிருந்து இரவு எட்டு மணி வரை குடியிருப்பாளர் தமது வீட்டுக்குள் இசைக்கருவி வாசிக்கலாம்; அனுமதி தேவையில்லை. உத்தியோக காலம் முழுவதையும் அரச சுற்றறிக்கைகளோடு கழித்தவள் நான். இவ்வளவு தெளிவான வசனத்தை அங்கே அதிகம் கண்டதில்லை. இந்த விதி எனக்குப் பொருந்தியிருக்க வேண்டும்.

பொருந்தவில்லை. நான் வாசிப்பது ஸ்னேர் ட்ரம், பாண்டுகளில் இரண்டு குச்சிகளால் அடிக்கும் சிறிய மேளம்.

ஓய்வு பெற்ற பெண்ணுக்கு வெள்ளவத்தையில் கடமைகள் ஏற்கனவே ஒதுக்கப்பட்டிருக்கின்றன. விடியக் கடற்கரையோரம் நடக்க வேண்டும். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போக வேண்டும். கனடாவிலிருந்து வரும் வட்ஸ்அப் வீடியோவில் யாருடைய பேத்தியாவது ஆடுவதைப் பார்த்து வியக்க வேண்டும். நான் கொட்டாஞ்சேனைக்குப் பஸ் ஏறினேன். ஒருகொடவத்தையில் கொள்கலன் முற்றமொன்றில் கணக்கெழுதும் கிளாக்காக இருக்கும் ஒருவர் கொட்டாஞ்சேனையில் பின்னேரங்களில் ட்ரம் பழக்குகிறார். ஞாயிறுகளிலும் திருநாள்களிலும் தேவாலய பாண்டில் வாசிப்பவர். என் மகனாக இருக்கக்கூடிய வயது.

"பஸ்ஸில கம்பியப் பிடிக்கிற மாதிரிக் குச்சியப் பிடிக்காதீங்க அன்ரி. டிரைவர் இப்ப பிரேக் அடிக்கப் போறதில்ல" என்பதுதான் முதல் பாடம்.

பிறகு றப்பர் பலகையில் வலது, இடது, வலது, இடது. அது சமமாக வந்த பிறகு ஒவ்வொரு கைக்கும் இரண்டு அடி. அப்புறம் ஒற்றையையும் இரட்டையையும் கலந்து அடிப்பது. ஒரு அடிக்கு முன்னால் இன்னொரு சிறிய அடியை ஒட்ட வைப்பது. வேகம் கூட்டியபோது என் இடது கை ராஜினாமாக் கடிதம் கொடுத்தது. நான் ஏற்கவில்லை. சாப்பாட்டு மேசை, தலையணை, பஸ்ஸில் மடியிலிருந்த கைப்பை என்று எல்லாவற்றிலும் அடித்தேன். இரட்டை அடிகள் ஒன்றோடொன்று உருகி ஒரே உருட்டலாக வந்த நாளில், சொந்தமாக ஒரு ட்ரம் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

வாங்கத்தான் வேண்டும் என்று சொன்னவரும் ட்ரம் பழக்குகிறவர்தான். நான் எடுக்க நினைத்த ட்ரம் உயர்நிலைப் பரீட்சையில் மிக மெல்லிய உருட்டல் ஒன்று இருக்கிறது. "சத்தமா அடிக்க எவனுக்கும் ஏலும் அன்ரி. பக்கத்து அறைக்குக் கேக்காம உருட்டுங்க பாப்பம், அப்ப தெரியும் கை நடுங்கிறது. றப்பர்ல பழகினாச் சரிவராது. றப்பர் பொய் சொல்லும். குச்சிய அதுவே தூக்கித் தந்திடும்." ட்ரம்மின் அடித்தோலோடு ஒட்டிக் கிடக்கும் கம்பிகள் மேலே படுகிற ஒவ்வொரு அடியையும் திருப்பிச் சொல்லும். பிழையையும் சொல்லும். றப்பருக்கு அந்த நேர்மை இல்லை.

மூன்றாம் நாளே முகாமைத்துவக் குழுச் செயலாளர் கதவைத் தட்டினார். ஓய்வு பெற்ற வங்கி முகாமையாளர், யாழ்ப்பாணத்தார், எப்போதும் அயர்ன் பண்ணிய சேட்டு.

"மிஸ், இது இசையே?"

"போன மாசம் ரெண்டாம் மாடிக் கலியாணத்துக்குத் தவில் அடிச்சது இசைதானே?"

"அது மங்களம். இது ஆமிக்காரன் மாச் பண்ணுற சத்தம். உங்கட வயசுக்கு ஒரு வீணையைப் பழகலாமே?"

"என்ர வயசுக்கு எதையும் பழகலாம்."

குழு கூடியது. தீர்மானம் எழுத்தில் வந்தது: குச்சிகளால் அடித்து எழுப்பும் ஒலி இசைக்கருவி விதியின் கீழ் வராது, அது 'சுத்தியல் மற்றும் துளையிடல் வேலைகள்' என்ற விதியின் கீழ் வரும். அதாவது வார நாள்களில் ஒரு மணித்தியாலம் மட்டும். லிஃப்டில் முன்கூட்டியே அறிவித்தல் ஒட்ட வேண்டும். வாரம் ஒருமுறை, வேலை நடக்கும்போதே, செயலாளர் வந்து சுவர், தரை சேதமில்லையென்று பார்வையிட வேண்டும்.

அந்தக் கடைசி வரியை அவர்கள் சரியாக வாசிக்கவில்லை. நான் வாசித்தேன்.

அன்றைக்கே இரண்டு காரியம் செய்தேன். தொடர்மாடிகளைக் கவனிக்கும் அரச அலுவலகத்துக்கு, ட்ரம் இசைக்கருவியா இல்லையா என்று கேட்டு, பதிவுத் தபாலில் ஒரு கடிதம். லிஃப்டில் ஓர் அறிவித்தல்: 'இந்த வாரம் பின்னேரம் நான்கிலிருந்து ஐந்து வரை எனது வீட்டில் சுத்தியல் வேலை நடைபெறும். சிரமத்துக்கு வருந்தவில்லை.'

வெள்ளிக்கிழமை செயலாளர் வராததால், பார்வையிடல் நடைபெறவில்லை என்று குழுவுக்கு எழுதினேன். அடுத்த வெள்ளி வந்தார். சுவரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், ட்ரம்மை மட்டும் பார்க்கவில்லை.

"வேலை எப்ப முடியும்?"

"உருட்டல் சரிவந்த உடன."

"அது எப்ப சரிவரும்?"

"இருந்து கேளுங்கோவன்."

இருக்க வேண்டியதுதான், வேலை நடக்கும்போது பார்வையிட வேண்டுமென்பது அவருடைய விதி. அதன்பின் வெள்ளிக்கு வெள்ளி வந்து, நேரே நிமிர்ந்து உட்கார்ந்து, பல் டொக்டரின் வாசலில் இருப்பவரைப்போலக் கேட்டார். அவருக்கு அது கடைசிவரை பிடிக்கவில்லை. ரசிக்க வைப்பது என் வேலையுமில்லை.

ஒருநாள், கீழ் வீட்டுக்காரரால் நித்திரை கொள்ள முடியவில்லையாம் என்றார். அவர் போனதும் நான் கீழே இறங்கிப்போய்க் கேட்டேன். அந்த வீட்டில் இருப்பவர் ஒரு முஸ்லிம் பெண்மணி, ஓய்வு பெற்ற கணித ஆசிரியை.

"நானா? நான் ஒண்டும் செல்லல்லயே மிஸ்" என்றார். "ஆனா ஒண்டு கேக்கணும். நீங்க ஒரே எடத்துல வந்து வந்து நிப்பாட்டுறீங்களே, அது ஏன்? எனக்கி எரிச்சலா ஈக்கிது. கணக்க முடிக்காம கொப்பிய மூடுற மாதிரி."

மேலே அழைத்துவந்து காட்டினேன். சத்தத்தைக் குறைத்துக்கொண்டு வரும்போது இடது கையின் இரண்டாவது அடி செத்துவிடும்; அது சாவதைக் கேட்கப் பிடிக்காமல் நான் அந்த இடத்தில் நிறுத்திவிடுவேன். "சாக உடுங்களே" என்றார். "செத்தாத்தானே எங்க செத்திச்சி எண்டு தெரியும்." பிறகு, "எனக்கும் ஒருக்காத் தாங்க" என்று குச்சிக்குக் கை நீட்டினார்.

அப்படித்தான் நான் கற்பிக்கத் தொடங்கினேன். இடது கை பலப்பட அந்தக் கையால் பல் துலக்கச் சொன்னேன். "பேஸ்ட் மூக்குக்குள்ள போயிட்டு மிஸ்" என்று மறுநாள் முறையிட்டார். அவருக்கு விளக்குவதற்காக மெதுவாக அடித்துக் காட்டியபோதுதான், குச்சியை விழவிடாமல் நானே அழுத்திக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. விரலைத் தளர்த்தினேன். அந்தச் செத்த அடி மெல்ல மூச்சு விட்டது.

அவரும் சொந்தமாகக் குச்சிகள் வாங்கி, தன் வீட்டில் சுத்தியல் வேலை என்று லிஃப்டில் அறிவித்தல் ஒட்டினார். செயலாளருக்கு வெள்ளிக்கிழமைகளில் இரண்டு வீடு.

குழு இரண்டாவது தீர்மானத்தை அனுப்பியது. திருத்த வேலை முடிவில்லாமல் நடக்க இயலாது. மாத முடிவுக்குள் 'வேலை பூர்த்தி' என்று கையெழுத்திட வேண்டும். அதன்பின் ஓர் அடியும் கூடாது. பரீட்சைக்கு இன்னும் காலமிருந்தது. உருட்டல் அப்போதுதான் பிடிபடத் தொடங்கியிருந்தது. கொட்டாஞ்சேனைக்காரரிடம் சொன்னேன். "கையெழுத்துப் போட்டிட்டு இங்க வந்து பழகுங்களேன் அன்ரி. எங்கட ஒழுங்கையில நாயும் கவனிக்காது."

"என்ர வீட்டில அடிக்கிறதுக்கு நான் ஏன் ஊர் தாண்டிப் போகவேணும்?"

அவர் சிரித்தார். "அப்ப அடியுங்க."

மாதம் முடிந்தது. செயலாளர் படிவத்தோடு வந்தார்.

"மிஸ், ஒரு கையெழுத்துத்தானே. சும்மா ஏன் பிரச்சினை?"

"வேலை முடியேல்லை. பொய்க்குக் கையெழுத்து வைக்க எனக்குப் பழக்கமில்லை."

"கரண்ட்டை வெட்டுவம்."

"ட்ரம்முக்குக் கரண்ட் தேவையில்லை."

அடுத்த நாள் லிஃப்டில் எதுவும் ஒட்டவில்லை. காலை எட்டு மணிக்குக் கதவைத் திறந்துவைத்தேன். கீழ் வீட்டு ஆசிரியை தன் குச்சிகளோடு ஏறிவந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மாறி மாறி அடித்தோம். இசைக்கருவி விதியில் இரவு எட்டு என்றிருந்ததால் இரவு எட்டுக்கு நிறுத்தினோம். வாரக்கணக்கில் இப்படியே. குழு எச்சரித்தது, பதில் எழுதினேன். மறுபடி எச்சரித்தது, முந்திய பதிலின் பிரதியை அனுப்பினேன். மின்சாரத்தை வெட்டும் துணிவு ஒருவருக்கும் வரவில்லை.

கடைசியில் அரச அலுவலகத்திலிருந்து மூன்று மொழியிலும் தலைப்பிட்ட கடிதம் வந்தது. ட்ரம் ஓர் இசைக்கருவி. காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை வாசிக்க எவருடைய அனுமதியும் தேவையில்லை. பிரதி முகாமைத்துவக் குழுவுக்கு. தபால்காரர் அதைக் கொண்டுவந்தபோது உருட்டலின் நடுவில் இருந்தேன். நிறுத்தாமல், மெல்லக் குறைத்துக்கொண்டே போய், முடித்துவிட்டுத்தான் எழுந்து தபாலுக்குக் கையெழுத்து வைத்தேன். அன்று தீபாவளிக்கு முந்திய வெள்ளிக்கிழமை; இனிச் செயலாளர் பார்வையிட வரத் தேவையில்லை.