ஏழாம் பாடு

"…சண்டை பிடிக்கேல்லை, ஒரு கப்பல் தாழேல்லை, ஒருத்தனும் சாகேல்லை. பிறகேன் தம்பி உந்த இடம் மஞ்சளாக் கிடக்குது?"

சம்மாட்டியார் கணினித் திரையில் விரலை ஊன்றிக்கொண்டு கேட்டார். மத்தியானம் இரண்டு மணி இருக்கும். வலைநூல் அறுத்து அறுத்துத் தழும்பேறிய அந்த விரலுக்குக் கீழே, முதல் நாள்வரை பச்சையாய் இருந்த ஒரு கரைத்துண்டு மஞ்சளாகியிருந்தது.

அப்போது நான் குருநகருக்குக் கொஞ்சம் தள்ளி, கடற்கரை றோட்டில் ஒரு கொமினிகேசன் கடை வைத்திருந்தேன். மூன்று கணினிகள், அவற்றில் ஒன்று எப்போதும் காய்ச்சலில் கிடக்கும். சம்மாட்டியார் இரண்டு வள்ளங்களின் சொந்தக்காரர், கரைச் சங்கத்தின் செயலாளர். பிரான்சில் இருக்கும் மகளோடு கதைக்க வருவார். மகள் எழும்பும்வரை காத்திருந்த நேரத்தில்தான் நான் விளையாடுவதைப் பார்த்தார். ஐந்நூறு வருசத்துக்கு முந்தைய உலக வரைபடம் அது. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நிறம். ஒன்றை எடுத்துக்கொண்டு கப்பல் விடலாம், சரக்குக்குத் தீர்வை போடலாம், துறைமுகத்தைத் திறக்கலாம், பூட்டலாம், அடுத்தவன் கரையில் ஆட்களைக் குடியேற்றலாம். நான் எப்போதும் பெரிய நாடாகப் பார்த்து எடுப்பேன். அவர் எடுத்தது நகக்கண் அளவு பச்சையாய்க் கிடந்த எங்கள் நிலத்தை. "எங்கடை வீட்டை விட்டிட்டு அடுத்தவன்ரை வீட்டை நான் ஏன் ஆளவேணும்?" என்றார். அவர் சொல்லும் இப்படியான கதைகளுக்காகவே நான் அவருக்கு நல்ல கதிரையை ஒதுக்கி வைத்திருப்பேன்.

அவருடைய ஆட்சிமுறை எனக்குச் சிரிப்பை மூட்டியது. எங்கள் ஆழமில்லாத பரவைக்கடலில் தடி ஊன்றி, வலை கட்டி இறால் மறிக்கும் இடத்தைப் பாடு என்போம். அது எவருக்கும் சொந்தமில்லை. வருசத்துக்கு ஒருமுறை சங்கத்தார் எல்லோருடைய பெயரையும் துண்டில் எழுதி, பழைய பால்மாத் தகரப் பேணி ஒன்றில் போட்டுக் குலுக்குவார்கள். முதலில் வந்த பெயருக்கு முதலாம் பாடு, அடுத்த பெயருக்கு அடுத்தது. போன வருசம் இறால் குவிந்த பாட்டில் நின்றவனுக்கு இந்த வருசம் வெறும் சேறு விழலாம். அவன் முகத்தைச் சுளிப்பதில்லை, அடுத்த வருசமும் பேணி இருக்கும் என்று போய்விடுவான். சம்மாட்டியார் தன் இராச்சியத்தையும் அப்படியே நடத்தினார். எந்த நாட்டுக் கப்பலும் வரலாம், எல்லோருக்கும் ஒரே தீர்வை, ஆளுக்கொரு துறை, முறை முடிந்தால் விட்டுப் போகவேண்டும். உலகத்தையே பேணிக்குள் போட்டுவிட்டீர்களே என்று பகிடி பண்ணினேன். "ராசாவெண்டாலும் பேர் ஒரு துண்டுக் கடதாசிதான்" என்றார்.

அவருக்கு ஆங்கிலம் வராது. எனக்கு வந்ததும் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம், மிச்சம் மருந்துப் பெட்டிகளிலும் இந்த விளையாட்டுகளிலும் பொறுக்கியது. மஞ்சள் நாட்டுக்காரன் கரையில் ஒரு சரக்குக் கொட்டில் போட அனுமதி கேட்டபோது நான்தான் வாசித்துச் சொன்னேன். தன் முறை முடியும்வரைக்கும்தானே, போடட்டும் என்றார். அதன் பிறகு அந்தக் கொட்டிலைப் பற்றிப் பொடி எழுத்தில் நீளநீளமான அறிவித்தல்கள் வந்தன. முதல் வரியைப் பார்த்துவிட்டு, "சும்மா அறிவித்தல்தான் அண்ணை, சரியெண்டு அமத்துங்கோ" என்பேன். அவர் அமத்துவார்.

அதே மாதத்தில்தான் சங்கத்துக்கு ஒரு கம்பனிக்காரர் வந்தார். மடிப்புக் கலையாத சேட்டு, மரியாதையான பேச்சு. கடலட்டை வளர்க்க ஒரேயொரு இடம் வேண்டும் என்றார். கூட்டத்தில் சிலர் முணுமுணுத்தபோது சம்மாட்டியார்தான், அவர்களின் பெயரையும் பேணிக்குள் போடுவோம், ஒரு வருசம் இருந்துவிட்டு எங்களைப்போலச் சீட்டுக்கு வரட்டும் என்று முடித்துவைத்தார். குலுக்கியதில் அவர்களுக்கு ஏழாம் பாடு விழுந்தது. கடற்புல் முடிந்து இறால் திரும்பும் மூலை அது. இரண்டு கிழமைக்குள் நாலு பக்கக் கடிதம் வந்தது, முழுக்க ஆங்கிலம். நேரே என்னிடம் கொண்டுவந்தார். போட்டோக் கொப்பி எடுக்க இரண்டு பேர் நின்றார்கள். முதல் பக்கத்தை நிதானமாக வாசித்தேன். மிச்சத்தை விரலால் தட்டிக்கொண்டு போய், "ஒரு வருசமெண்டுதான் கிடக்கு அண்ணை, மற்றதெல்லாம் வழமையான சட்டக் கதை" என்றேன். என் மேசையில், என் பேனையால் கையெழுத்து வைத்தார். பெரிய காரியம் ஒன்றுக்கு உதவினேன் என்று அன்றைக்கு எனக்குள் ஒரு பெருமை.

இப்போது அந்த றோட்டால் போகும்போது கடல் பக்கம் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். ஏழாம் பாட்டில் தடியும் வலையும் வேலியாக நிற்கின்றன. நடுவில், தண்ணீருக்கு மேலே காவல் கொட்டில். வேலி எட்டாம் பாட்டுக்குப் போய், ஒன்பதாம் பாட்டையும் வளைத்துவிட்டது. எவரும் அடிபடவில்லை, எவரும் துரத்தப்படவில்லை. ஒவ்வொரு வருசமும் அந்தக் கையெழுத்தைக் காட்டி ஒரு கடிதம் வருகிறது, அவ்வளவுதான். சங்கத்தில் இன்றைக்கும் அதே பேணியைக் குலுக்குகிறார்கள். ஆனால் கடைசியில் வரும் பெயர்களுக்குக் கொடுக்கப் பாடு இல்லை. அந்தப் பெயர்க்காரர்கள் வேலிக்குள் நாட்கூலிக்குப் போகிறார்கள், தாங்கள் முந்தி வலை கட்டிய அதே தண்ணீரில். போன வருசம் கடைசியாக வந்த துண்டில் சம்மாட்டியாரின் பெயர் இருந்தது. அவர் கூலிக்குப் போகவில்லை. வள்ளங்களைக் கவிழ்த்துவைத்துவிட்டு வீட்டோடு இருக்கிறார். வழியில் கண்டால் சுகம் விசாரிப்பார். ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த மத்தியானம், கையெழுத்து வைத்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. ஏன் மஞ்சள் என்று அவர் கேட்டதும் நான் பழைய அறிவித்தல்களை ஒவ்வொன்றாகத் தேடிப் போனேன். கிடைத்தது. கொட்டிலில் குடியிருப்பவர்களின் தொகை கூடினால் அந்தக் கரை குடியேற்றியவருக்கே சேரும், மறுப்பதென்றால் இப்போதே மறுக்கவேண்டும் என்று இருந்தது. கீழே, நாங்கள் அமத்திய 'சரி'. வாசித்துச் சொன்னேன்.

சம்மாட்டியார் திரையில் இருந்து விரலை எடுத்தார். மகள் அழைக்கும் சத்தம் பக்கத்துக் கணினியில் கேட்டது. அவர் திரும்பவில்லை.

"அந்தக் கடிதத்திலையும் நாலு பக்கம் கிடந்ததெல்லே?"

ஓம் என்றேன்.

சட்டைப் பையில் இருந்து தன் பிரதியை எடுத்து, விசைப்பலகையின் மேல் விரித்து, உள்ளங்கையால் மடிப்பை நீவினார். முதல் பக்கத்தைப் புரட்டி அப்பால் வைத்தார். பிறகு இரண்டாம் பக்கத்தை என் பக்கம் திருப்பி, அதன் முதல் வரியில் விரலை ஊன்றினார்.