மூன்று விரல் ஆழத் தண்ணீர்

நேற்று பிள்ளைப்பாக்கத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒரு வாசனை. சாலை வேலைக்குத் தோண்டிய பள்ளத்தில் மழைத்தண்ணீர் வற்றி, சேறு வெடிக்கத் தொடங்கியிருந்தது. பக்கத்தில் நின்றவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் நன்றாக இழுத்து மோந்தேன். சிரிக்காதீர்கள், எனக்கு அது சமையல் வாசனை. யார் சாப்பிட என்று சொல்கிறேன்.

டிப்ளமோ முடித்து வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். கம்பெனிக்குப் பின்னால் ஓர் ஏரி. தை மாதத்தில் அது சுருங்கும்போது ஓரத்தில் மூன்று விரல் ஆழத்துக்குத் தண்ணீர், அதை ஒட்டி வெறும் சேறு. மதியம் ஷிப்ட் முடிந்து பஸ் கிளம்பும்வரை அங்கேதான் நிற்பேன். கைப்பிடி அளவுப் பறவைகள், தையல் மிஷின் ஊசிபோலச் சேற்றைக் குத்திக்கொண்டே ஓடும். கொசு உள்ளான் என்று பெயர். பழவேற்காட்டுக் கடலோரச் சேற்றில் இறங்குகிற இனம். ஒரு கூட்டம் எங்கள் ஏரிக்கும் வரும். சைபீரியாவிலிருந்து வருகின்றன என்று போனில் படித்துவிட்டு, அசெம்பிளி லைனில் என்னோடு வேலை பார்த்த பென்னலூர் ரேவதியிடம் அளந்தேன்.

"சும்மா வுடாத. வூட்லேந்து பஸ் ஸ்டாப்புக்கு வர்றதுக்கே எனக்கு மூச்சு வாங்குது. இது சைபீரியாலேந்து வருதா?"

மறுநாள் அவளும் ஏரிக்கரைக்கு வந்துவிட்டாள்.

கம்பெனியில் மாதம் ஒரு கைசன் எழுதித் தரவேண்டும். ஏதாவது ஒன்றை மேம்படுத்த ஒரு யோசனை. மற்றவர்கள் டிராலியை நகர்த்தி வைப்பது, லைட்டை இறக்கி மாட்டுவது என்று எழுதுவார்கள். நான் அறிவாளி ஆயிற்றே! ஏரியை ஆழப்படுத்தி, ஓரச் சேற்றை அள்ளி, கரைக்குக் கல் பதித்தால் வருடம் முழுக்கத் தண்ணீர் நிற்கும், பறவைகள் பெருகும் என்று எழுதினேன். முதல் பரிசாக ஒரு ஹாட்பாக்ஸ். கோடையில் கம்பெனி செலவில் ஜேசிபி வந்து இறங்கியபோது கைகூடத் தட்டினேன்.

அடுத்த தையில் ஏரி தளும்பி நின்றது. உள்ளான்களும் வந்தன. உதறிய துணிபோல மொத்தமாகத் திரும்பி, இறங்கப் பார்த்து, மறுபடி மேலே ஏறின.

"இன்னாடா, எறங்க மாட்டேங்குது?" என்றாள் ரேவதி. நான் கரைக்கல்லில் ஏறி நின்று பார்த்தேன்.

"அதுங்க காலு எம்மாந்தூண்டு, பாத்தியா? நீ தோண்டவெச்ச ஆழத்துல எங்க நிக்கும்? இன்னாத்த துன்னும்?"

சேற்றுக்குள் நெளிகிற புழுதான் அவற்றின் சாப்பாடு. ஊர் திரும்பும் பறத்தலுக்கு வேண்டிய கொழுப்பு அதில்தான் சேரும். இதையெல்லாம் பிறகுதான் தேடிப் படித்தேன். எழுதுவதற்கு முன்னால் படித்திருக்க வேண்டும். மூன்று சுற்று சுற்றிவிட்டு, அவை கடல் பக்கம் போய்விட்டன.

இப்போது அங்கே நடைபாதை இருக்கிறது. நீர்க்காகங்கள் முங்கி முங்கி மீன் பிடிக்கின்றன, அவற்றுக்குக் குறையில்லை. உள்ளான்கள் இரண்டு வருடமாக வட்டமடிக்கக்கூட வருவதில்லை. போன மாதம் புதிதாக ஒரு கைசன் கொடுத்தேன்: மேற்குக் கரையில் மட்டும் கல்லைப் பெயர்த்து, சரிவாக்கி, சேறாக விடவேண்டும். படிவத்தில் இரண்டு கட்டங்கள். 'முன்' என்பதில் சுத்தமான கல் கரை என்று எழுதினேன். 'பின்' என்பதில் சேறு.

சூப்பர்வைசர் படித்துப் பார்த்துத் திருப்பித் தந்தார்.

"தம்பி, ரெண்டையும் மாத்தி எழுதிக்கீற. சரி பண்ணி எடுத்துனு வா."