நாற்பது வீடு, நாற்பத்தேழு சரி

கல்லூரியில் அவள் பெயர் 'கல்லு'. நிலவியல் படிக்கிறவர்கள் மண் இறுகிய கல்லை இன்னதென்று அறியக் கடித்துப் பார்ப்பதுண்டு. நறநறத்தால் வண்டல், வழுக்கினால் களிமண். அதை விடுதியில் செய்து காட்டிய அன்று முன்பல் ஒன்றின் ஓரம் போயிற்று, பெயர் ஒட்டிக்கொண்டது.

படிப்பு முடிந்ததும் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை. சுத்தியலோடு போனவளிடமிருந்து அதை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, கையில் மைக்கைக் கொடுத்தார்கள். பதவி, சமூக உறவு அலுவலர். சுரங்கம் அப்போதுதான் 'நீடித்த சுரங்கம்' ஆகியிருந்தது. அதாவது, லாரிகளுக்குப் பச்சை பெயிண்ட் அடித்து முடித்திருந்தார்கள்.

குழியை இன்னும் முப்பது மீட்டர் ஆழமாக்க வேண்டும். ஊற்றுநீரை இறைத்துக்கொண்டே தோண்டினால் பள்ளத்தில் உள்ள நாற்பது வீடுகளின் கிணறுகள் வற்றும் என்பது வரைபடத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்தது. ஆனால் அந்த நாற்பது வீடும் சம்மதித்தால் தோண்டலாம் என்றது விதி. சம்மதம் வந்தால்தான் அவள் வேலை நிரந்தரம் என்றார் மேலாளர்.

பள்ளிக்கூட ஹாலில் கூட்டம். ஒரு மணி நேரம் கலர்ப் படம் காட்டிப் பேசினாள். மேலாளர் கூட்டத்தின் ஒலிப்பதிவை ஓடவிட்டு, ஊரார் சொன்ன 'சரி'களை எண்ணினார்.

"வீடு நாற்பது, சரி நாற்பத்தேழு! நூத்துக்கு நூறையே தாண்டிட்டியேம்மா! போய்க் கையெழுத்தை மட்டும் வாங்கிட்டு வந்துரு."

முதல் வீடு ஒரு தையல்காரியுடையது.

"அக்கா, கூட்டத்துல சரின்னீங்களே?"

"சொன்னேன். தொண்டை வத்தப் பேசிட்டு இருந்தே. உம்முனு உட்கார்ந்திருந்தா நல்லாவா இருக்கும்?"

"அப்புறம் 'சரி சரி'ன்னு ரெண்டு தடவை?"

"அது சீக்கிரம் முடிம்மான்னு அர்த்தம்."

அந்த நேரம் பார்த்து அம்மாவின் போன். "பல் டாக்டர்கிட்ட போனியாடி?"

"சரிம்மா... சரி... சரி சரி, வைக்கிறேன்."

தையல்காரி வாயிலிருந்த ஊசியை எடுத்துவிட்டுச் சிரித்தாள். "பெத்தவளுக்கு நாலு சரி சொன்னியே, அதுல ஒண்ணாவது போறேங்கிற சரியா?"

கல்லு நாற்பது வீட்டுப் படியும் ஏறி, ஒவ்வொரு சரிக்கும் அர்த்தம் கேட்டு எழுதினாள். 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்' முப்பத்தொன்று. 'சீக்கிரம் முடி' பதினைந்து. 'டீ உண்டா' ஒன்று. சம்மதம், பூஜ்யம். கிணறுகள் வற்றும் என்பதையும் கீழே சேர்த்து, விதிப்படி ஒரு பிரதியை அரசு அலுவலகத்தில் கொடுத்த பிறகே மேலாளரிடம் வந்தாள்.

அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "சரி."

"எந்தச் சரி சார்?"

"நாளையிலேருந்து வர வேண்டாங்கிற சரி."

சம்மதம் இல்லாததால் குழியும் இருந்த ஆழத்திலேயே நின்றது. அலமாரியிலிருந்து சுத்தியலை எடுத்துக்கொண்டு, வாசலில் நின்று அம்மாவுக்குப் போன் செய்தாள்.

"அம்மா, நாளைக்குப் பல் டாக்டர்கிட்ட போறேன். நெஜமா."

"சரி சரி," என்றாள் அம்மா.